நாற்பது மீட்டர்

மின்தூக்கி செத்துப்போன திங்கட்கிழமை
க்ளைபேடா துறைமுகத்தில்
கடல்காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது.
"டாங்குவோலே, உதிரிப்பாகம்
ஹாம்பர்க்கிலிருந்து வரவேண்டும். பத்து நாள்"
என்றான் வாக்கிடாக்கியில் ஜித்ரூனாஸ்,
யார் வீட்டுக் குழாயோ ஒழுகுகிறது என்பதுபோல.

கிரேனின் உச்சியில் என் கண்ணாடிக் கூண்டு.
பத்தொன்பது வருஷமாக அங்கே உட்கார்ந்து
ஒரு விரல் அசைவில்
நாற்பது டன் தூக்குகிறேன்.
இன்றைக்கு என்னை நானே தூக்கவேண்டும்.
இருநூற்றுப் பன்னிரண்டு படி.

முப்பதில் முதல் தட்டு.
ஐம்பத்தெட்டில் வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை.
தொண்ணூறில்
இரண்டு முழங்காலும் வேறு வேறு கட்சி.
நூற்றுப் பத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன்.
கீழே கொள்கலன்கள் வரிசையாக.
ஒவ்வொன்றின் கதவிலும் எழுதியிருக்கிறது:
பெட்டியின் எடை, சரக்கின் எடை, மொத்தம்,
இதற்குமேல் ஏற்றாதே.

எனக்கும் எழுதித்தான் கொடுத்திருந்தார்கள்.
மேலங்கிப் பைக்குள்
நாலாக மடிந்து கிடந்தது அந்தக் காகிதம்.
போன மாதம் டாக்டர் ஆவ்ட்ரோனே
என் ரத்தத்தைப் படித்துவிட்டு
"இரும்பு குறைவு" என்றாள்.
சிரித்துவிட்டேன்.
இரும்புக்குள்ளேயே குடியிருப்பவளுக்கு!
வைட்டமின் டி-யும் குறைவாம்.
அது இங்கே யாருக்குத்தான் இருக்கிறது?
நவம்பர் வந்தால் சூரியன்
கடன் வாங்கியவன் மாதிரி
எங்கள் தெருப்பக்கமே தலைகாட்டுவதில்லை.

"ஐம்பது தாண்டினால் தசை
சத்தமில்லாமல் கரையும்.
வேளைக்கு வேளை புரதம் வேண்டும்.
தினமும் நடக்கவேண்டும்.
வாரத்தில் இரண்டு நாள்
ஏதாவது பாரம் தூக்கவேண்டும்."
பாரமா!
என் வேலையைச் சொன்னேன்.
"அது மோட்டார் தூக்குவது"
என்று எழுதிக்கொண்டே சொன்னாள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது
இதயம் காதில் உட்கார்ந்திருந்தது.
பையைப் பிரித்தேன்:
புகையூட்டிய தொத்திறைச்சி, வெள்ளை ரொட்டி,
சாக்லேட் பூசிய பாலாடைக்கட்டி மூன்று,
இரண்டு லிட்டர் கோலா.
இரண்டு லிட்டர் என்றால் இரண்டு கிலோ.
இதையா இருநூற்றுப் பன்னிரண்டு படி
சுமந்து வந்தேன்?

இன்னொரு கணக்கும் உண்டு.
கழிப்பறை கீழே.
அதனால் பத்தொன்பது வருஷமாக
ஷிஃப்டில் நான் தண்ணீர் குடித்ததில்லை.
மாலையில் வரும் தலைவலிக்கு
காற்றின்மேல் பழி போட்டிருக்கிறேன்.

அன்றிரவு சமையலறைத் தராசில்
மதியச் சாப்பாட்டை நிறுத்தேன்.
ஒவ்வொரு கிராமிடமும் கேட்டேன்:
உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறினால்
நீ எனக்கு என்ன செய்வாய்?
கோலாவுக்குப் பதில் இல்லை.
கம்பு நிறத்து ரை ரொட்டி ஏதோ முனகியது.
ஊறவைத்த பீன்ஸ் உடனே ஒத்துக்கொண்டது.
இரண்டு ஹெர்ரிங் மீன், அவித்த பீட்ரூட்,
பக்கத்தில் புளித்த முட்டைக்கோஸ்.
புளிப்பு கூட இருந்தால்
பீன்ஸில் இருக்கும் இரும்பு
உடம்பில் நன்றாக ஒட்டுமாம்;
காகிதத்தின் பின்பக்கம் இருந்தது அது.
தண்ணீர் முக்கால் லிட்டர்.
இறங்கவேண்டி வந்தால் இறங்குவது.

புதன்கிழமை, இறங்கினேன்.
மறுபடி ஏறினேன்.
வியாழன் தொடை இரண்டும்
என்னோடு பேசவில்லை.
ஞாயிறன்று குளியலறைத் தராசு
இருநூறு கிராம் குறைந்ததாகச் சொன்னது;
அது என் காலுறையாகக்கூட இருக்கலாம்.
ஆனால் எட்டாம் நாள்
நூற்றுப் பத்தில் நிற்க மறந்துவிட்டேன்.
நூற்றைம்பதில்தான் ஞாபகம் வந்தது.

பதினோராம் நாள் பாகம் வந்து
மின்தூக்கி உயிர்த்தது.
ஜித்ரூனாஸ் கதவைத் திறந்துபிடித்தான்,
அரசிக்கு வண்டி பிடிப்பதுபோல.
ஏறிக்கொண்டேன். பொய் எதற்கு?
மழை வேறு.

உள்ளே மூன்று பொத்தான்கள்.
கீழ், மேல் இரண்டிலும்
எங்கள் விரல்கள் எண்ணைத் தேய்த்து
என்றோ அழித்துவிட்டன.
நடுத்தட்டின் பொத்தானில் மட்டும்
எண் புத்தம்புதிதாக,
கடையில் வாங்கிய அன்றுபோல.

அதை அழுத்தினேன்.